அடுக்கு கீழே இறங்கிய பகா எண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் உள்பக்கம் ஒன்றில், ஜவுளிக்கடையின் தீபாவளித் தள்ளுபடி விளம்பரத்துக்குக் கீழே, ‘உலகின் மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிப்பு’ என்று ஒரு செய்தி வந்திருந்தது (பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது). கணக்குக்கு இடம் கொடுத்ததே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த எண்ணை நீங்கள் அச்சிட்டிருந்த லட்சணம் இது: 2136279841-1. எல்லா இலக்கமும் ஒரே வரியில், ஒரே உயரத்தில். எங்கள் மாடி வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளியில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க அவளுடைய முறை வருகிறது என்று இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தாள். வந்தவள் கேட்டாள்: “அங்கிள், இதுல ஒண்ணைக் கழிச்சா சைபர்ல முடியுதே, அப்ப பத்தால வகுபடுமே, அப்புறம் எப்படி இது பகா எண்?”

நியாயமான கேள்விதானே. ஒன்றைக் கழித்தால் 2136279840. பத்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 42 வருகிறது, ஆகவே மூன்றாலும் வகுபடும். போதாததற்கு அடுத்த வரியிலேயே ‘இந்த எண்ணில் 41 மில்லியன் இலக்கங்கள் உள்ளன’ என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அச்சாகியிருப்பதை விரல் விட்டு எண்ணினால் பத்து இலக்கம்தான் வருகிறது. இரண்டு வரிக்கு நடுவில் நாலு கோடி இலக்கம் காணாமல் போயிருக்கிறது, புரூப் பார்த்தவர் கண்ணில் படவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் திருவல்லிக்கேணியில் இருபத்திரண்டு வருஷம் டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் கோக்கிற வேலை பார்த்தவன் நான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு கைடுகள்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டன. 2-க்குப் பக்கத்தில், அதன் தோளுக்கு மேலே, சின்ன எழுத்தில் நிற்க வேண்டியது 136279841 என்ற அந்த அடுக்கு, அதாவது எத்தனை இரண்டுகளைப் பெருக்க வேண்டும் என்று சொல்கிற எண். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்து ஒட்டும்போதோ, யூனிகோடிலிருந்து பழைய ஃபான்ட்டுக்கு மாற்றும்போதோ அது கீழே இறங்கிவிடும். எழுத்து எதுவும் தொலையாது, உயரம் மட்டும்தான் போகும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. நானும் இதில் மாட்டியவன். ஒரு தடவை இயற்பியல் கைடில் எலெக்ட்ரானின் மின்னூட்டம் 10-இன் அடுக்கு மைனஸ் 19 என்று வர வேண்டியது ‘10-19’ என்று போய், மூவாயிரம் பிரதியும் பைண்டிங் முடிந்த பிறகு ஒரு வாத்தியார் கண்டுபிடித்தார். பதிப்பாளர் என்னைப் பேசியதை இங்கே எழுத முடியாது. மூன்று நாள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பிழைதிருத்தச் சீட்டு ஒட்டினோம், சாப்பாட்டில்கூடப் பசை வாசனைதான். ஆகவே உங்கள் பக்கத்தை வடிவமைத்தவரைத் திட்டுவதற்காக நான் எழுதவில்லை. அவருக்கும் இது தீபாவளி நேரம்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் எந்த இடத்திலும் அடுக்கை மேலே ஏற்றி எழுதப் போவதில்லை, ‘2-இன் அடுக்கு 5’ என்று வார்த்தையில்தான் எழுதுவேன். நீங்கள் இதைப் பிரசுரித்து, அதிலும் எண் இறங்கிப்போனால் அந்தப் பெண் அப்புறம் என்னை மதிக்கவே மாட்டாள்.

சரி, எண் இதுதான். 2-இன் அடுக்கு 136279841, அதிலிருந்து 1 கழித்தது. அதாவது 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 இரண்டுகளை வரிசையாக வைத்துப் பெருக்கி, கடைசியில் ஒன்றைக் குறைக்க வேண்டும். விடையில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். (தயவுசெய்து மில்லியன் வேண்டாம், கோடி லட்சம் என்று எழுதினால் எங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.) 881694 என்று ஆரம்பித்து 51 என்று முடிகிறது. கடைசி இலக்கம் 1 என்பதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை. இரண்டை அடுக்கிக்கொண்டே போனால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று திரும்பத் திரும்பச் சுற்றி வரும். 136279841-ஐ நாலால் வகுத்தால் மீதி 1, ஆகவே சுற்றில் முதல் இடம், அதாவது 2. ஒன்றைக் கழித்தால் 1. இதை அந்தப் பெண்ணே என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போட்டுவிட்டாள், மீதி கண்டுபிடிக்கக் கடைசி இரண்டு இலக்கம் போதும் என்று மட்டும்தான் நான் எடுத்துக் கொடுத்தேன்.

எவ்வளவு நீளம் என்று கேட்டாள். என் தொழில் கணக்கில் சொன்னேன். உங்கள் பத்திரிகை எழுத்தில் ஒரு இலக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் என்று வைத்தால் இந்த எண் ஒரே வரியில் 82 கிலோமீட்டர் ஓடும், எழும்பூர் ஸ்டேஷனில் 8-ஐ வைத்தால் கடைசி 1 மதுராந்தகம் ஏரிப் பக்கம் போய் நிற்கும். ஏ4 தாளில் நெருக்கி நெருக்கி ஆறாயிரம் இலக்கம் ஏற்றினாலும் ஆறாயிரத்து எண்ணூறு பக்கத்துக்கு மேல் ஆகும். நொடிக்கு ஒரு இலக்கம் என்று தூங்காமல் வாசித்தால் 475 நாள். காலைக் கூட்டத்தில் வாசிக்க முடியாது என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

இனி தலைப்புக்கு வருகிறேன், எனக்கு அடுக்கை விட இதுதான் அதிகம் உறுத்தியது. ‘உலகின் மிகப் பெரிய பகா எண்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. ‘இதுவரை தெரிந்தவற்றில்’ என்ற சொற்களை இடம் போதவில்லை என்று உங்கள் உதவி ஆசிரியர் வெட்டியிருப்பார், அந்த வெட்டில் செய்தியே பொய்யாகிவிட்டது. பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று சுமார் 2300 வருஷத்துக்கு முன்னாலேயே கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் நிரூபித்துவிட்டார், அதுவும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி. உங்களுக்குத் தெரிந்த பகா எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வருகிற எண்ணை அந்தப் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1 நிற்கும். அப்படியென்றால் ஒன்று அதுவே பகா எண், இல்லையென்றால் அதன் காரணி ஏதோ ஒன்று உங்கள் பட்டியலில் இல்லாத பகா எண். 2, 3, 5, 7, 11, 13 எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30031. இது பகா எண் இல்லை, 59 பெருக்கல் 509. ஆனால் அந்த இரண்டுமே நம் பட்டியலில் இல்லாதவை, பாருங்கள். பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் வெளியே ஒன்று நின்றுகொண்டுதான் இருக்கும்.

இன்னும் கிட்டத்தில் வந்தும் சொல்லலாம், அதில் நம்ம ஊர்க்காரர் வருகிறார். ஒன்றுக்கு மேற்பட்ட எந்த முழு எண்ணை எடுத்தாலும் அதற்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவில் குறைந்தது ஒரு பகா எண்ணாவது இருந்தே தீரும் என்பதை ரஷ்யாவின் செபிஷேவ் முதலில் நிரூபித்தார். 1919-இல் ராமானுஜன் அதையே இரண்டே பக்கத்தில் முடித்து இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு 1913 ஜனவரியில் இங்கிலாந்தின் கணித மேதை ஹார்டிக்குக் கடிதம் எழுதியவர், அந்தக் கடிதத்தில் பகா எண்களை எண்ணுவது பற்றி எழுதியதில் சறுக்கியிருந்தார், ஹார்டியும் அதைத் தயங்காமல் சுட்டிக்காட்டினார் (ராமானுஜனுக்கே வழுக்குகிற இடம் இது, உங்கள் உதவி ஆசிரியர் மனம் தளர வேண்டாம்). ஆறு வருஷம் கழித்து வந்த அந்த இரண்டு பக்கத்தில் சறுக்கல் எதுவும் இல்லை. ஆகவே நீங்கள் ‘மிகப் பெரியது’ என்று போட்ட எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவில் அதைவிடப் பெரிய பகா எண் நிச்சயம் உண்டு. எது என்று மட்டும் உலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஒன்றா இரண்டா என்றால், எக்கச்சக்கம். அந்த உயரத்தில் சராசரியாக 9 கோடியே 44 லட்சம் எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும் என்று கணக்கு சொல்கிறது. 4 கோடி இலக்கம் உள்ள எண்களுக்கு நடுவில் பத்துக் கோடி இடைவெளி என்பது பக்கத்து வீடு மாதிரி. அடுத்த பகா எண் அவ்வளவு கிட்டத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது, கதவைத் தட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. எனக்கு இந்தச் செய்தியிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான், நீங்கள் அதை எழுதவில்லை.

வழியில்லை என்றால், இந்த ஒன்றை மட்டும் எப்படிப் பிடித்தார்கள்? அதற்குத்தான் அந்த ‘2-இன் அடுக்கு, கழித்தல் 1’ என்ற வடிவம். இந்த வடிவத்தில் வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். நேப்பியர் பாலத்துக்கே சதுரங்கக் கட்டம் பெயிண்ட் அடித்த ஊர் நம்முடையது, ஆகவே அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்: முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நாலு, இப்படி 64 கட்டம். மொத்த அரிசி 2-இன் அடுக்கு 64, கழித்தல் 1. எழுதினால் 18446744073709551615. இதுவும் அதே வடிவம்தான், ஆனால் ஐந்தில் முடிகிறது, பார்த்தவுடனே தள்ளிவிடலாம். காரணம் அந்த 64.

0, 1 என்ற இரண்டை மட்டும் வைத்து எழுதுகிற இரும எண் முறையில் எழுதினால் இது கண்ணுக்கே தெரியும். கம்ப்யூட்டருக்குள் இந்த வடிவத்து எண்கள் வெறும் 1-களின் வரிசை, சைபர் ஒன்றுகூட இல்லை. 31 என்றால் 11111. நம்முடைய புதிய எண் என்றால் 1 என்ற எழுத்து மட்டும் 13 கோடியே 62 லட்சத்துச் சொச்சம் தடவை. என் அப்பா ஈய எழுத்துக் கோத்த காலத்தில் இப்படி ஒரு வேலை வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், ஒரே கண்ணறையில் கையை விட்டு எடுத்துக்கொண்டே இருக்கலாம், எழுத்து மாறுவதற்கு வழியே இல்லை. இப்போது நம் சாதாரண எண்ணிலேயே 111111 என்று ஆறு ஒன்றுகளை எழுதிப் பாருங்கள். ஆறை இரண்டிரண்டாகப் பிரிக்கலாம், அதனால் 11 அதை வகுக்கும். மும்மூன்றாகப் பிரிக்கலாம், அதனால் 111 வகுக்கும். இரும எண்ணிலும் இதே கதைதான். ஒன்றுகளின் எண்ணிக்கை சமமான கட்டுகளாகப் பிரியக்கூடாது, அதாவது அடுக்கே ஒரு பகா எண்ணாக இருக்க வேண்டும். 136279841 பகா எண்தான்.

ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண், ஆனால் 2-இன் அடுக்கு 11 கழித்தல் 1 என்பது 2047, அது 23 பெருக்கல் 89. இந்த இடத்தில்தான் பெரியவர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள். மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் 257 வரைக்கும் எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் 67, 257 இரண்டும் தப்பு. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. 67 என்பது 61-க்கு விழுந்த அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு, படித்தபோது எனக்கு அந்தக் காலத்து அச்சுக்கோப்பாளர் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. 67 தேறாது என்று 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் காட்டினார், ஆனால் எதனால் வகுபடும் என்று அவருக்கும் தெரியாது. 1903-இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர் மேடைக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பலகையின் ஒரு பக்கத்தில் 2-இன் அடுக்கு 67 கழித்தல் 1-ஐ 147573952589676412927 என்று எழுதி, இன்னொரு பக்கத்தில் 193707721-ஐயும் 761838257287-ஐயும் கையாலேயே பெருக்கிக் காட்டி, இரண்டும் ஒன்றாக வந்ததும் போய் உட்கார்ந்துவிட்டாராம். கூட்டம் எழுந்து கை தட்டியது என்கிறார்கள்.

காரணி தெரியாமலே ‘இது தேறாது’ என்று எப்படிச் சொல்ல முடியும் என்று மாடி வீட்டுப் பெண்ணும் கேட்டாள். அந்தச் சோதனை இங்கேயே போட்டுப் பார்க்கக்கூடியது. 4-இல் ஆரம்பியுங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள். சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு திரும்ப அதையே செய்யுங்கள். அடுக்கை விட இரண்டு குறைவான தடவை செய்ய வேண்டும், கடைசியில் மீதி 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 31-க்கு அடுக்கு 5, ஆகவே மூன்று தடவை. 4-லிருந்து 14. 14-லிருந்து 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-லிருந்து 62, 31-ஆல் வகுத்தால் மீதி 0. தேறியது. 2047-க்கு இதையே ஒன்பது தடவை செய்தால் 1736-இல் போய் நிற்கும், தேறவில்லை, 23-ஐயும் 89-ஐயும் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. லூக்காஸ் கொடுத்த வழியை 1930-இல் லேமர் சுருக்கிக் கொடுத்தது இது. லூக்காஸ் தன் வழியில் 127-ஐச் சோதித்துப் பிடித்த எண் 170141183460469231731687303715884105727. 39 இலக்கம், எல்லாம் கையால். இதைத் தாண்டி ஒன்றைப் பிடிக்க 1951 வரைக்கும், அதாவது 75 வருஷம் ஆனது. (இந்த 39-ஐயும் புரூப்பில் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நான் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.)

இப்போது பிடித்த எண்ணுக்கு இதே சோதனையை 13,62,79,839 தடவை செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவையும் 4 கோடி இலக்கம் உள்ள எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். வகுத்தல் மட்டும் சுலபம். ஒன்பதால் வகுத்த மீதி வேண்டுமென்றால் நாம் இலக்கங்களைக் கூட்டுவோம் இல்லையா, அது மாதிரி இரும எண்ணில் மேல்பாதியை வெட்டிக் கீழ்பாதியோடு கூட்டினால் முடிந்தது. வேறு வடிவத்து எண்ணுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. நம் கான்பூர் ஐஐடியில் அகர்வால், கயல், சக்சேனா மூன்று பேரும் 2002-இல் கண்டுபிடித்த வழி எந்த எண்ணுக்கும் பொருந்தும், கணிதத்தில் அது பெரிய சாதனை, ஆனால் இவ்வளவு பெரிய எண்ணில் அதைக் கட்டி இழுக்க முடியாது. அதனால்தான் சாதனைப் பட்டியலில் மெர்சென் வகையே திரும்பத் திரும்ப முதலிடத்துக்கு வருகிறது.

‘சூப்பர் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது’ என்று உங்கள் செய்தி சொல்வதும் சரியில்லை. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் ஆரம்பித்த கூட்டு முயற்சி இது, யார் வேண்டுமானாலும் மென்பொருளை இறக்கித் தங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டலாம். இத்தனை வருஷமும் இதில் சாதனை எல்லாம் வீட்டிலும் கல்லூரியிலும் கிடக்கிற சாதாரணக் கம்ப்யூட்டரில்தான் நடந்தது. இதற்கு முந்தையது 2018 டிசம்பரில் வந்தது, 2,48,62,048 இலக்கம். இந்தத் தடவை லூக் டியூரண்ட் என்கிற அமெரிக்கர், முன்பு என்விடியா என்ற சில்லு கம்பெனியில் வேலை பார்த்தவர், 17 நாடுகளில் வாடகைக்கு எடுத்த ஜிபியூக்களை (ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குப் போடுகிற சில்லுகள்) இதில் இறக்கினார். 2024 அக்டோபர் 11 அன்று அயர்லாந்தில், டப்ளினில் இருந்த ஒரு ஜிபியூ ‘இது பகா எண் போலத் தெரிகிறது’ என்றது. மறுநாள் டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று, நான் மேலே சொன்ன சோதனையை முழுதாக முடித்து உறுதி செய்தது. பரிசு 3,000 டாலர், அதையும் அலபாமாவில் உள்ள ஒரு கணித, அறிவியல் பள்ளிக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். ஜிபியூ என்றதும் பேப்பரில் எல்லோரும் செயற்கை நுண்ணறிவு பற்றித்தான் எழுதுகிறீர்கள், அதே சில்லில் இப்படியும் ஒரு காரியம் நடந்திருக்கிறது.

எனக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு, சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்க வந்த ஒரு கல்லூரிப் பையன் சொல்லி, கடையில் இருந்த பழைய பென்டியத்தில் ராத்திரி நேரத்தில் இந்த மென்பொருளை ஓட்டவிட்டேன். கரண்ட் போகும், வரும், அது விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டரை மாதம் ஓடி ஒரே ஒரு அடுக்குக்கு விடை சொன்னது: பகா எண் இல்லை. கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அந்த ‘இல்லை’யும் ஒரு வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன், அந்த அடுக்கை இன்னொருவர் சரிபார்த்துவிட்டால் போதும் பாருங்கள்.

செய்தியின் கடைசி வரி, ‘இதனால் இணையவழி வங்கிப் பாதுகாப்பு மேலும் வலுப்பெறும்’. இதை யார் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை, சேர்த்தவருக்குக் கணக்கு உபயோகமில்லாமல் இருந்துவிடுமோ என்ற பயம் போல. பூட்டுப் போடுவதற்குப் பகா எண் பயன்படுகிறது என்பது உண்மை. ஆர்எஸ்ஏ என்ற முறையில் சுமார் 309 இலக்கம் உள்ள இரண்டு பகா எண்களைப் பெருக்கி, பெருக்கித் தொகையை ஊருக்குச் சொல்லிவிட்டு, அந்த இரண்டையும் ஒளித்து வைப்பார்கள். ஒளித்து வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. உங்கள் பேப்பரில் வந்துவிட்ட எண்ணை வைத்து என்ன ரகசியம்? இன்னொரு பக்கம், ஒளிக்கவே வேண்டாத பகா எண்ணும் உண்டு. நாமெல்லாம் காலையில் வணக்கம் அனுப்புகிற வாட்ஸ்அப், 2-இன் அடுக்கு 255 கழித்தல் 19 என்ற பகா எண்ணின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. உலகத்துக்கே தெரிந்த எண், 77 இலக்கம். அங்கே ரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது. 77-லும் 309-லும் வேலை முடிகிறபோது நாலு கோடி இலக்கத்தை எந்த வங்கியும் கையில் தொடாது.

உபயோகம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நடந்த ஒன்றைச் சொல்லியிருக்கலாம். 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களை (11, 13 போல இரண்டு தள்ளி வருபவை) வைத்து ஒரு கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார். விடை ஒத்துவரவில்லை. எங்கெங்கோ தேடிக் கடைசியில் பார்த்தால் தப்பு அவர் மேல் இல்லை, இன்டெலின் பென்டியம் சில்லே வகுத்தலைத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தது. சில்லை மாற்றிக் கொடுக்கும் வகையில் இன்டெல் 475 மில்லியன் டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. இன்றைக்கும் புதுக் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள், சில்லு சூடு தாங்குகிறதா, கணக்கில் தடுமாறுகிறதா என்று பார்க்க இந்த மெர்சென் தேடும் மென்பொருளைத்தான் ஒரு ராத்திரி ஓடவிடுகிறார்கள். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இது உபயோகமே இல்லாதது, ஆனால் அந்தப் பெண்ணுக்கு இதுதான் பிடித்தது. 6-ஐ எடுத்துக்கொண்டால், அதை விடச் சிறிய அதன் காரணிகள் 1, 2, 3, கூட்டினால் 6. 28-க்கு 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இவற்றுக்கு நிறைவெண் என்று பெயர். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் பிறக்கும்போது கூடவே ஒரு நிறைவெண்ணும் பிறந்துவிடும், 3-க்கு 6, 7-க்கு 28, 31-க்கு 496, 127-க்கு 8128. இதுவும் யூக்ளிட் சொன்னதுதான். இரட்டைப்படை நிறைவெண் எல்லாமே இந்த வழியில் மட்டும்தான் வரும் என்று பின்னால் ஆய்லர் நிரூபித்தார். ஆகவே உங்கள் செய்தியில் இரண்டு கண்டுபிடிப்பு இருக்கிறது, இரண்டாவதை விட்டுவிட்டீர்கள். அதற்கு 8,20,48,640 இலக்கம். ஒற்றைப்படையில் நிறைவெண் ஒன்றாவது உண்டா என்று இதுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. “நான் கண்டுபிடிக்கட்டுமா?” என்றாள். நான் என்ன சொல்ல, முதலில் வீட்டுப்பாடத்தை முடி என்றேன்.

எனக்கு வேண்டியது ஒரு சின்னத் திருத்தம், அவ்வளவுதான். அதே பக்கத்தில், நாலே வரி. எண்ணை ‘2-இன் அடுக்கு 136279841, கழித்தல் 1’ என்று எழுத்தில் போடுங்கள், உயரத்தைப் பற்றிய கவலையே வேண்டாம். ‘மிகப் பெரிய’ என்பதற்கு முன்னால் ‘இதுவரை தெரிந்ததில்’ என்று சேருங்கள். ‘52-ஆவது மெர்சென் பகா எண்’ என்று போட்டிருக்கிறீர்களே, அங்கேயும் ‘தெரிந்தவற்றில்’ என்று வர வேண்டும், ஏனென்றால் நடுவில் விட்டுப்போனது எதுவும் இல்லை என்று இன்னும் முழுக்கச் சரிபார்த்து முடிக்கவில்லை. வங்கி வரியை எடுத்துவிடலாம். உங்கள் வடிவமைப்புப் பிரிவில் யாருக்காவது அடுக்கு இறங்காமல் எடுத்து ஒட்டுவது எப்படி என்று தெரிய வேண்டுமென்றால், நான் திருவல்லிக்கேணியில்தான் இருக்கிறேன், ஒரு மத்தியானம் வந்து காட்டித் தருகிறேன், காசெல்லாம் வேண்டாம்.

அவளுடைய முறை வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன். உங்கள் திருத்தம் வந்தால் அதைத்தான் வாசிப்பாளாம், வராவிட்டால் இந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு போகப்போகிறாள். இப்போதைக்கு அவள் நோட்டில் சிவப்பு மையில் அடித்து, 2-க்கு மேலே 136279841-ஐச் சின்னதாக எழுதி வைத்திருக்கிறாள். கொஞ்சம் கோணலாக இருக்கிறது, ஆனால் மேலேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய டிடிபிக்காரர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.